காதில் வெட்டு உள்ள தெருநாய் கடித்தால் ஊசி தேவையில்லையா? கருத்தடைக்கும் ரேபிஸுக்கும் என்ன தொடர்பு?

"கருத்தடை பண்ண நாய்தாங்க, காதைப் பாருங்க... ஒண்ணும் ஆகாது." தெருநாய் கடித்தால் அக்கம்பக்கத்தினர் சொல்லும் ஆறுதல் இது. இதை நம்பி ஊசி போடாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

காதில் உள்ள ‘வி’ வடிவ வெட்டு, அந்த நாய்க்கு எப்போதோ கருத்தடை ஆபரேஷன் நடந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. 2023-ம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையோடு ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுத்தான் நாயைப் பிடித்த இடத்தில் விட வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கருத்தடை ஆயுளுக்கு ஒருமுறை போதும். ரேபிஸ் ஊசியை வருஷா வருஷம் போடணும். ஊசியின் பலன் தீர்ந்த பிறகும் காதில் வெட்டு அப்படியேதான் இருக்கும்.

முகாம்களில் ஊசி போட்ட நாய்க்குப் பெயின்ட் அடையாளம் வைப்பார்கள். அதுவும் சில நாட்களில் அழிந்துவிடும்.

அப்போ கருத்தடை எதுக்கு?

நாயின் கர்ப்ப காலம் சுமார் 63 நாட்கள். தெருவில் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் ஊசி போடாத புது நாய். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. குட்டிகள் பெருகிக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்கு எட்டவே எட்டாது.

டெல்லி தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க 2025 ஆகஸ்ட் 11-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றியது. ரேபிஸ் பாதித்த, மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றை ஊசி, கருத்தடை, குடற்புழு நீக்கம் முடித்து அதே இடத்தில் விடலாம் என்றது. சரி, அடுத்த வருஷ ஊசிக்கு அதே நாயைத் திரும்பப் பிடிக்கப்போவது யார்? மாநகராட்சிகளுக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டமான வேலை இதுதான்.

வீட்டு நாய்க்கு?

முதல் ரேபிஸ் ஊசி 3 மாத வயதில், பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர். பெண் நாய்க்குக் கருத்தடை செய்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் குறையும். ‘ஒரு தடவையாவது குட்டி போடட்டும்’ என்று காத்திருக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

எந்த நாய் கடித்தாலும் காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.