பிடித்த கையைத் தளர்த்தும் காலம்

2025 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு போயிற்று. மாணவர்களின் சுமையைக் குறைக்கவே இந்த முடிவு. அந்தத் தேர்வு 2018 மார்ச்சில் முதன்முறை நடந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே, இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் தேர்வு வந்தது. அந்த வழக்கத்தைச் சொல்லும்போதெல்லாம் தமிழ்நாடு விரல் நீட்டியது நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தை நோக்கித்தான்.

இது ஏன் இங்கே வேர்பிடித்தது என்று கேட்டால், பள்ளி முதலாளிகளின் வியாபாரத் திறமை என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிக் கதைதான். மீதிக் கதை பெற்றோரின் இளமைக் காலத்தில் இருக்கிறது.

சேலத்துக்குத் தெற்கே விரியும் இந்தச் சமவெளியில் பெரும்பகுதி மேட்டுக்காடு. மழை பொய்த்தால் சோளமும் கடலையும் கருகிவிடும். நிலத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டவர்கள் லாரிக்கு மாறினார்கள். பையன்கள் மீசை முளைக்கும் முன்பே கிளீனராக வண்டி ஏறினார்கள், டிரைவரானார்கள், கூட்டுச் சேர்ந்து சொந்த வண்டி வாங்கினார்கள். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் வட மாநிலங்களுக்கெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டின. மாதக்கணக்கில் வீடு திரும்பாத வேலை அது. குமாரபாளையத்துத் தறிக்கூடங்களில் சிறுவர்கள் தார் சுற்றினார்கள். சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் எடுபிடி வேலை பார்த்தார்கள்.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் சொந்தக் காலில் நின்றார்கள் என்று பெருமை பேசுவோர் உண்டு. அந்தப் பெருமையை அப்படியே ஏற்க முடியாது. ஆடு மேய்க்கப் பண்ணையத்துக்கு விடப்பட்ட சிறுவர்களின் வாழ்வை, இதே மண்ணில் பிறந்த பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’ நாவலில் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு வெட்டவெளி இருந்தது, விடுதலை இல்லை. பத்து வயதில் உழைக்கத் தள்ளப்பட்ட பிள்ளையைச் சுதந்திரமாக வளர்ந்தவன் என்று சொல்வது பெரிய அநியாயம்.

அப்படி வளர்ந்தவர்கள்தான், கையில் நாலு காசு சேர்ந்ததும், ‘நாம பட்ட பாட்டைப் புள்ளைங்க படக் கூடாது’ என்று உறுதிகொண்டார்கள். அந்த உறுதியில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டின் குழந்தைகள் வேலைத்தலத்திலிருந்து வகுப்பறைக்கு வந்ததில் சட்டத்துக்கும் சத்துணவுக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, இந்த உறுதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அந்த ஆசைக்குச் சரியான சமயத்தில் ஒரு வழி திறந்தது. தொழிற்கல்விக்கு 1984 முதல் இருந்த நுழைவுத் தேர்வு 2007இல் ரத்தானது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்த முடிவு அது. ஆனால் இனி ப்ளஸ் டூ மதிப்பெண் ஒன்றே கட் ஆஃபைத் தீர்மானிக்கும் என்றானதும், அந்த மதிப்பெண்ணை எடுத்துக் கொடுக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு மவுசு ஏறியது. தூத்துக்குடியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பெட்டியோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். ஸ்டடி, வகுப்பு, ஸ்லிப் டெஸ்ட், மறுபடி ஸ்டடி என்று இரவு பத்து வரை ஓடும். விளையாட்டுப் பீரியட் அட்டவணையில் மட்டும் இருக்கும். பார்வையாளர் நாளான ஞாயிற்றுக்கிழமையில் மரத்தடிதோறும் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். பதினேழு வயது மகனுக்கு அம்மா சோறு பிசைந்து ஊட்டுவார். அப்பா கையில் அந்த வாரத்து மதிப்பெண் தாள் இருக்கும். அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எதைப் படிப்பது, எப்போது தூங்குவது, யாரோடு பேசுவது என்று எதையும் அந்தப் பையன் முடிவு செய்திருக்க மாட்டான். கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன வட்டாரம் என்பதால் மக்கள் இவற்றுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்றே பெயர் வைத்தார்கள். நேரத்துக்குத் தீனி, அளவான வெளிச்சம், குறித்த நாளில் எடை என்ற பண்ணைக் கணக்கு அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

விடுதிக்கு அனுப்பியதால் பிள்ளை தனியாக நிற்கப் பழகிவிட்டான் என்று பெற்றோர் நம்பினார்கள். உண்மையில், வீட்டின் காவல் இன்னும் கண்டிப்பான ஒரு கைக்கு மாறியது. அவ்வளவுதான். 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. அதே ஆண்டு மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. விளம்பரப் பலகையில் எழுத்து மாறியது. பிள்ளைகளின் நாள் மாறவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இந்தக் காவல் இன்னும் நீளம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்ட மாவட்டம் சேலம். அந்த இடத்திலிருந்து, மகளைப் படிக்கவைத்தே தீருவேன் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தது பெரிய பயணம். ஆனாலும் பள்ளி வேன், விடுதி, கல்லூரிப் பேருந்து என்று கை மாறிக் கை மாறி, ஒருநாளும் தனியாகச் சாலையைக் கடக்காமல் மணமேடைக்குப் போகும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். இதற்கு நேரெதிரான காட்சியும் இங்கேயே உண்டு. 2001இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கி, 2005இல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்த இலவச சைக்கிளில், மூன்று பேராகச் சேர்ந்து பேசிக்கொண்டே பள்ளிக்கு மிதிக்கும் பெண்களைக் கிராமத்துச் சாலைகளில் பார்க்கலாம். வசதி குறைந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த இந்தப் பயிற்சி, வசதி வந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் உடனிருந்தவர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 1971இல் நூற்றுக்கு எண்பது பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது ஒன்பதாகச் சுருங்கியது. சாலை பிள்ளைகளுக்கு ஏற்றதாக இல்லாமல் போனதுதான் முக்கியக் காரணம். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாக நான்கு வழிச் சாலை வந்தபிறகு நமக்கும் அதே கதைதான். அந்தச் சாலையைக் கடந்து போ என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்வாள்? சுரங்கப் பாதையும் நடைபாதையும் பள்ளி நேரத்து டவுன் பஸ்ஸும் அமைத்துத் தருவது அரசின் கடமை. பயப்படாதே என்று தாய்க்கு உபதேசம் செய்வதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

அதன்பின் பெற்றோர் செய்ய வேண்டியது இருக்கிறது. உழைத்துத் தேய்ந்த தலைமுறை பிள்ளைகளுக்கு வாங்கித் தந்தது பாதுகாப்பு. அது கையில் இருக்கும்போதே முடிவெடுக்கும் பழக்கத்தையும் தர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வளர்ப்பு முழுமையாகும். எட்டு வயதில் கடைக்குப் போய்ச் சில்லறை சரிபார்த்து வாங்கி வரட்டும். பன்னிரண்டில் தனியாக டவுன் பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போய் வரட்டும். பதினைந்தில் தன் படிப்பு நேரத்தைத் தானே வகுத்து, ஒரு தேர்வில் சறுக்கினாலும் காரணத்தைத் தானே கண்டுபிடிக்கட்டும். எந்தப் பாடப்பிரிவு என்பதை வீட்டார் பேசலாம், முடிவு பிள்ளையுடையதாக இருக்கட்டும். லாரி ஓட்டியவர்களுக்கு இது தெரியாததல்ல. கிளீனர் பையன் கையில் முதன்முதலில் ஸ்டியரிங்கைக் கொடுக்கும் டிரைவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், கையை மட்டும் எடுத்துவிடுவார்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் பெயரிலேயே வங்கியில் விழுகிறது. மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் வந்திருக்கிறது. அந்த ஏடிஎம் கார்டு உங்கள் வீட்டில் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அப்பாவின் பர்ஸில் இருந்தால், இன்றைக்கே எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். கணக்கைக் கேளுங்கள், கார்டைத் திரும்பக் கேட்காதீர்கள்.