நிறையத் தின்றும் பட்டினி கிடந்த கிளி

2004 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரித்தானியப் பத்திரிகைகளில் சுவாரஸ்யமான செய்தி ஒன்று வெளியாகியது. வின்ஸ்டன் சேர்ச்சிலுக்குச் சொந்தமாக இருந்ததாகக் கூறப்பட்ட சார்ளி என்ற மக்காவ் கிளி 104 வயதிலும் உயிருடன் இருப்பதாகவும் ஹிட்லரையும் நாஜிகளையும் இன்னமும் வசைபாடிக்கொண்டிருப்பதாகவும் அந்தச் செய்தி கூறியது. சேர்ச்சிலின் புதல்வி மேரி சோம்ஸ் தனது தந்தையார் அத்தகைய கிளி எதையும் வளர்க்கவில்லை என்று மறுத்துவிட்டார். செய்தியைத் தமிழில் எழுதி எமது பத்திரிகையில் பிரசுரித்தவன் நான். மறுப்பைப் பிரசுரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பழைய செய்தியை இப்போது நினைவுகூருவதற்குக் காரணம் எனது வீட்டில் இருக்கும் நீல, மஞ்சள் நிற மக்காவ் கிளியாகும். சார்ளியின் கதை கட்டுக்கதையாக இருக்கலாம். ஆனால், நன்கு பராமரிக்கப்படும் மக்காவ் கிளி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உயிர்வாழக்கூடியது என்பது உண்மை. அவ்வாறு வாழவேண்டிய ஒரு பறவையை அதன் பதின்மூன்றாவது வயதிலேயே நான் கொன்றுவிடவிருந்தேன், அதுவும் அன்பினால்.

2006 ஆம் ஆண்டில் எனது மகன் அந்தக் கிளியைக் குஞ்சாக வாங்கிவந்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து அவன் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தபோது கிளி எங்களுடன் தங்கிவிட்டது. "அப்பா, கவனமாகப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடுகளில் வசிக்கும் என் வயதையொத்த பலரிடம் பிள்ளைகள் இவ்வாறு எதையாவது விட்டுச்சென்றிருக்கிறார்கள். சிலருக்கு மோட்டார் சைக்கிள், சிலருக்குப் புத்தகங்கள், எங்களுக்கு ஒரு கிளி.

அதற்கு என்ன கொடுப்பது என்று குஞ்சை விற்ற கடைக்காரரிடம் மகன் கேட்டிருந்தான். சூரியகாந்தி விதை போதும் என்று அவர் கூறினார். அதையே நாங்களும் பின்பற்றினோம். காலையில் கிண்ணம் நிறைய விதை. நான் தேநீர் அருந்தும்போது அதில் தோய்த்த விசுக்கோத்து. மாலையில் பாண் துண்டும் வறுத்த கச்சானும். எதைக் கொடுத்தாலும் ஒற்றைக் காலால் பற்றிப்பிடித்து ஒரு பெரிய மனிதனைப் போன்று நிதானமாகத் தின்னும். அதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம். பிள்ளைகள் இல்லாத வீட்டில் யாருக்கோ ஊட்டுகிறோம் என்ற திருப்தி.

2019 ஆம் ஆண்டில் அதன் இறகுகளின் பளபளப்பு மங்கியது. அடிக்கடி தும்மியது. மூக்குத் துவாரங்களில் சளி கட்டியது. பறவைகளில் அனுபவமுள்ள மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். கிளியின் வாயைத் திறந்து பார்த்து, நெஞ்சைத் தடவி, இரத்தத்தையும் பரிசோதித்தார். விற்றமின் ஏ குறைபாடு, ஈரலில் கொழுப்பு என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, உங்கட கிளி நிறையச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடக்குது" என்று கூறினார்.

தோட்டப்புறச் சிறுவர்களின் போஷாக்கின்மை பற்றி ஆண்டுக்கணக்கில் ஆசிரிய தலையங்கங்கள் எழுதியவன் நான். எனது சொந்த வீட்டில், கண்முன்னால் இருந்த ஒரு உயிரின் போஷாக்கின்மை எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சூரியகாந்தி விதையில் என்ன குறை? அதன் பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. விற்றமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். கல்சியம் மிகக்குறைவு, பொஸ்பரஸோ அதைவிடப் பன்மடங்கு அதிகம். விற்றமின் ஏ போதாதபோது வாய், மூக்கு, சுவாசக்குழாய் ஆகியவற்றின் உட்புறத் தோல் தடித்துத் தனது காவல் பணியை இழந்துவிடுகிறது. கிருமிகள் இலகுவாக உட்புகுகின்றன. மறுபுறத்தில், எரிக்கப்படாத கொழுப்பு ஈரலிலும் இரத்தக்குழாய்களிலும் சேருகிறது. கூண்டுக்கும் பல்கனிக்கும் இடையில் நடந்து திரியும் ஒரு பறவை எப்படிக் கொழுப்பை எரிக்கமுடியும்?

மக்காவ் இனக் கிளிகளின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் காடுகள். அங்கு அவை விதைகளையும் கொட்டைகளையும் மாத்திரமன்றி பழங்கள், பூக்கள், தளிர்கள் என்று பருவத்துக்கேற்ப பலவகை உணவுகளைத் தேடித் தின்கின்றன. பெரு நாட்டின் தென்கிழக்கில் தம்போபாத்தா பகுதியில் ஆற்றங்கரைக் களிமண் சுவர்களில் நூற்றுக்கணக்கில் கூடி மண்ணையும் கொத்தித் தின்கின்றன. காய்களில் உள்ள நச்சுப் பொருட்களை அந்தக் களிமண் உறிஞ்சிக்கொள்வதை 1999 ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிலார்டியும் சக ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினர். காட்டில் அரிதாகக் கிடைக்கும் சோடியத்துக்காகவே அவை மண்ணைத் தேடுகின்றன என்று வேறு ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். எது சரியாக இருந்தாலும், தனக்குத் தேவையானதைத் தேடி நெடுந்தூரம் பறக்கும் ஒரு உயிரை நாம் ஒரே ஒரு கிண்ணத்துக்கு முன்னால் குந்தவைத்திருக்கிறோம் என்பதே உண்மை.

சரி, என்னதான் கொடுக்கவேண்டும்? பறவை வைத்தியர்களில் பெரும்பாலானோரின் ஆலோசனை ஒன்றுதான். தேவையான சத்துகள் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட குறுணி உணவு நாளாந்த உணவின் பெரும்பகுதியாக இருக்கவேண்டும். அதற்கடுத்த இடம் மரக்கறிகளுக்கும் கீரைகளுக்கும். பழம் அளவாக. ஏனைய கிளிகளை விடவும் மக்காவ் இனத்துக்குச் சற்றுக் கூடுதலான கொழுப்பு தேவைப்படுவதால் உப்பிடாத கொட்டைகள் சில. சூரியகாந்தி விதை எப்போதாவது கொடுக்கும் பரிசு மாத்திரமே. குறுணி உணவைத் தின்னும் கிளிக்கு விற்றமின் துளிகளையும் சேர்த்துக் கொடுப்பது ஆபத்தானது. அளவுக்கு மிஞ்சிய விற்றமின் டி மக்காவ் கிளிகளின் சிறுநீரகங்களைக் கெடுத்துவிடும்.

ஆனால், பதின்மூன்று வருடப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றமுடியாது. விதையுடன் வளர்ந்த கிளிக்குக் குறுணி என்பது உணவு என்றே தெரியாது. திடீரென்று விதையை நிறுத்தினால் கிண்ணத்தின் முன்னாலேயே பட்டினி கிடந்து செத்துப்போகவும்கூடும். எனவே விதையைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். சமையலறைத் தராசில் தினமும் காலையில் நிறுத்து, பழைய நாட்குறிப்பொன்றில் எழுதிவைத்தேன். ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை. அது குறையும் நாளில் எனது மனமும் கனத்துவிடும். கரட்டைத் தூக்கி எறிந்தது. வத்தாளங்கிழங்கை என் சட்டையில் துப்பியது. இறுதியில் வழி கண்டுபிடித்தவர் எனது மனைவி. "இஞ்சாருங்கோ, நாங்கள் சாப்பிடுறதைத்தானே அது கேக்குது" என்று சொல்லி, அவித்த பூசணித் துண்டுகளைக் கிளியின் முன்னால் நாங்களே சாப்பிட ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் அது கழுத்தை நீட்டிக் கேட்டது. பிறகு முருங்கையிலை, பொன்னாங்காணி, முளைவிட்ட பயறு, பப்பாசிப்பழம் என்று ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. பச்சைமிளகாயை மிட்டாய் போன்று தின்கிறது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. முழுமையாக மாறுவதற்கு ஏழு மாதங்கள் சென்றன.

கொடுக்கக்கூடாதவற்றையும் சொல்லவேண்டும். ஆனைக்கொய்யா என்று அழைக்கப்படும் அவக்காடோ பழம் கிளிகளுக்கு நஞ்சு. சொக்லேட், கோப்பி, தேநீர், மதுபானம், உப்பிட்ட பண்டங்கள், வெங்காயம் ஆகியவற்றையும் தவிர்க்கவேண்டும். கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் உருவாகும் நஞ்சு ஈரலைத் தாக்கும். எமது வெக்கையில் வெட்டிய பழத்தையும் அவித்த கிழங்கையும் ஓரிரு மணித்தியாலங்களுக்கு மேல் கூண்டில் விட்டுவைக்கக்கூடாது. நான் அன்போடு ஊட்டிய தேநீர் விசுக்கோத்தும் இந்தப் பட்டியலில் அடங்கும் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மனிதர்களே சாப்பிட வழியின்றி இருக்கும் நாட்டில் கிளிக்குச் சமநிலை உணவா என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதை 2022 ஆம் ஆண்டில் என்னிடம் நானே கேட்டுக்கொண்டேன். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நாம் வழமையாக வாங்கும் இறக்குமதிக் குறுணி கடையில் கிடைக்கவில்லை. முருங்கையிலையும் பயறும் அவித்த சோளமும் சிறிதளவு முட்டையுமாக அந்த மாதங்களைச் சமாளித்தோம். எங்களது கோப்பையில் இருந்துதான் அதற்கும் பங்கு போனது. அயலவர் ஒருவர் கேலி செய்தார். கோபம் வரவில்லை. ஏனென்றால், அந்தக் கிளி எங்களிடம் வரவேண்டும் என்று விண்ணப்பம் செய்யவில்லை. அதைக் கூண்டில் வைத்தவர்கள் நாங்கள். தேடித் தின்னும் சுதந்திரத்தைப் பறித்த பிறகு தேடிக் கொடுக்கும் கடமையில் இருந்து எவரும் விலகிவிடமுடியாது.

எனவே எனது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறேன். மக்காவ் கிளியை வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், கொழும்பில் இருந்தாலென்ன, ரொறன்ரோவில் இருந்தாலென்ன, லண்டனில் இருந்தாலென்ன, கூண்டின் விலையையும் கிளியின் விலையையும் மாத்திரம் கணக்குப் பார்க்கவேண்டாம். ஐம்பது வருடங்களுக்கு, தினமும் காலையில், அதற்கு மரக்கறி வெட்டப்போவது யார் என்று கேட்டுப்பாருங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அது ஆசையுடன் கேட்பதை எல்லாம் கொடுப்பதே அன்பு என்று எண்ணாதீர்கள். கேட்டதைக் கொடுப்பதில் கிடைக்கும் சந்தோஷம் பெரும்பாலும் கொடுப்பவனுடையது. தின்பவனுக்கு மிஞ்சுவது நோய்.

எனக்கு எழுபத்தைந்து வயது கடந்துவிட்டது. கிளி இப்போதுதான் இருபதை அண்மிக்கிறது. எனக்குப் பிறகும் அது வாழும், வாழவேண்டும். அந்தப் பழைய நாட்குறிப்பில் அதன் உணவு முறையை, அளவுகளுடன், விலக்கவேண்டியவற்றுடன், பக்கம் பக்கமாக எழுதி முடித்திருக்கிறேன். சில தினங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டவன், "நான் வந்து பாக்கிறன் அப்பா" என்றான். எப்போது என்று நான் கேட்கவில்லை. பின்னால் கூண்டில் இருந்து கிளி அவனது பெயரைச் சொல்லி உரத்துக் கூப்பிட்டது.