முதல் இழைப்பு எந்திரம்: விலையைப் பார்க்குமுன்



வார இறுதியில் வீட்டு முன்றிலில் ஒரு மேசையைப் போட்டு மரவேலை பழகும் அன்பர்கள், முதல் அலமாரியைச் செய்து முடித்த கையோடு கேட்கும் வினா ஒன்று உண்டு. "குறைந்த விலையில் நல்ல திக்னஸ் பிளேனர் எது?" பலகையின் தடிமனைச் சீராகக் குறைத்துத் தரும் எந்திரம் என்பதால், அதனைத் 'தடிமன் இழைப்பி' என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். இவ்வினாவுக்கு ஓர் எந்திரத்தின் பெயரை மட்டும் விடையாகச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அதனால் கேட்டவருக்கு நன்மை விளையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையிலுள்ள பணத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய எந்திரத்தை வாங்குவது மலிவன்று. மாற்றுக் கத்தி எளிதில் கிடைக்கின்ற, பெயர் பெற்ற நிறுவனத்தின் பன்னிரண்டு அங்குலச் சிறிய எந்திரத்தை, பழையதாயினும் வாங்குவதே மலிவு. அதனையும், கை இழைப்புளியால் ஒரு பலகையின் முகத்தைச் சமன் செய்யப் பழகிய பின்னரே வாங்க வேண்டும்.

இழைப்புளியை ஏன் இடையே இழுக்கிறேன் என்று கேட்கலாம். கோணல் பலகையை நேராக்கித் தரும் என்று நம்பியே பலரும் இவ்வெந்திரத்தை வாங்குகின்றனர். அது அவ்வேலையைச் செய்யாது. எந்திரத்தின் மேசைக்கு மேலே கத்திகள் பொருத்திய தலை ஒன்று சுழல்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு உருளைகள் பலகையை மேசையோடு அழுத்தி நகர்த்துகின்றன. கீழ்முகம் எப்படி இருக்கிறதோ அதற்கு இணையாகவே மேல்முகம் வெட்டப்படும். வளைந்த பலகையை உள்ளே விட்டால், உருளைகளின் அழுத்தத்தில் அது தற்காலிகமாகத் தட்டையாகும். வெளியே வந்ததும் பழையபடி வளைந்து நிற்கும். நமக்குக் கிடைப்பது, ஒரே சீரான தடிமன் கொண்ட கோணல் பலகை!

ஆகவே, ஒரு முகத்தையாவது முன்கூட்டியே சமன் செய்தாக வேண்டும். அதற்கென்று ஜாயின்டர் எனும் தனி எந்திரம் இருக்கிறது. இரண்டையும் வாங்க நம்மில் எத்தனை பேருக்கு இயலும்? வாங்கினாலும் தாமானில் உள்ள ஒரு வரிசை வீட்டில் எங்கே வைப்பது? ஐந்தாம் எண் கை இழைப்புளி ஒன்று இருந்தால் போதும். நேரான இரண்டு குச்சிகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, கண்ணை அவற்றின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் பலகையின் முறுக்கு தெரிந்துவிடும். உயர்ந்து நிற்கும் மூலைகளை மட்டும் சீவினால் போதுமானது. அம்முகம் வழவழப்பாக இருக்கத் தேவையில்லை. மேசைமேல் ஆடாமல் அமர்ந்தால் சரி. பின்னர் அதனைக் கீழ்ப்புறமாக வைத்து எந்திரத்தில் விட்டு, மேல்முகம் சமனானதும் புரட்டி மற்றதை இழைத்துக்கொள்ளலாம். கைவேலையில் நாட்டமில்லாதவர்கள், தட்டையான பிளைவுட் ஒன்றின்மேல் கோணல் பலகையை அமர்த்தி, இடைவெளிகளில் சிறு ஆப்புகளைச் செருகி, பசையால் அசையாமல் ஒட்டி, இரண்டையும் ஒன்றாக உள்ளே விடலாம். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் ஜாயின்டரின் விலை மிச்சம்.

உங்களுக்கு எந்திரமே தேவையா என்பதையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு மேசை, ஒரு பெட்டி செய்பவர், பலகைக் கடையிலேயே இழைத்த மரமாக வாங்கிக்கொள்ளலாம். 'காயு கெத்தாம்' என்று கேட்டாலே தவுக்கே எடுத்துக் கொடுத்துவிடுவார். அவரிடம் இருக்கும் தடிமன்களுக்குள் நம் வேலையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் குறை. விரும்பிய தடிமன் வேண்டும், பழைய மரத்தையும் பாலட் பலகையையும் பயன்படுத்த வேண்டும் என்போருக்கே இவ்வெந்திரத்தின் அருமை புரியும்.

சரி, வாங்கத்தான் போகிறோம். எதை வாங்குவது? விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது மோட்டாரின் திறன். அதைவிட, ஓர் அங்குல நீளத்தில் கத்தி எத்தனை தடவை வெட்டுகிறது என்பதே பலகையின் வழவழப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மக்கித்தா நிறுவனத்தின் 2012என்பி எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் 304 மில்லிமீட்டர். மோட்டார் 1650 வாட். எடை ஏறத்தாழ 28 கிலோ. இரண்டு கத்திகள் நிமிடத்துக்கு 8500 சுற்றுச் சுழல, பலகை நிமிடத்துக்கு 8.5 மீட்டர் நகர்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவரும் போடக்கூடிய வகுத்தல்தான்: மில்லிமீட்டருக்கு இரண்டு வெட்டு, அங்குலத்துக்கு ஏறக்குறைய ஐம்பது. டிவால்ட் நிறுவனத்தின் 735இல் மூன்று கத்திகள், 10,000 சுற்று, இரண்டு வேகங்கள். அங்குலத்துக்கு 96 அல்லது 179 வெட்டு. மேற்பரப்பில் இரண்டாவதே சிறப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது 42 கிலோவை ஒட்டிய எடை கொண்டது, விலையும் அதற்கேற்ப. ஐம்பது வெட்டு விழுந்த பலகையை எப்படியும் மணல்தாளால் தேய்க்கத்தானே போகிறோம்? தொடக்கத்தில் அந்த வேறுபாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பேன்.

வெளிநாட்டு இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று அமெரிக்கப் பதிப்பை வரவழைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவை 120 வோல்ட்டில் 15 ஆம்பியர், அதாவது 1800 வாட் இழுப்பவை. நம் நாட்டு மின்சாரமோ 230 வோல்ட். இடையே வைக்க வேண்டிய மின்மாற்றி, தொடக்க இழுப்பையும் தாங்குவதற்கு ஏறத்தாழ இரு மடங்கு திறன் உடையதாக இருக்க வேண்டும். அதன் விலையையும் எடையையும் கூட்டிப் பார்த்தால் மலிவு எங்கோ போய்விடும்.

பெயர் தெரியாத எந்திரங்களைப் பற்றிய என் அச்சமெல்லாம் கத்தியைப் பற்றியதே. அவற்றுள் நன்றாக ஓடுபவையும் உள. ஆயினும் கத்தியின் நீளமும் துளைகளின் இடமும் எந்திரத்துக்கு எந்திரம் வேறுபடும். பணம் கொடுக்குமுன், "மாற்றுக் கத்தி ஒரு செட் கையிருப்பில் உண்டா, என்ன விலை?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பிறகு வரும்" என்று மறுமொழி வந்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள். நம் நாட்டு மரங்களில் கத்தி விரைவில் மழுங்கும். மெராந்தி வகைகளுள் வெண்மெராந்தியில் சிலிக்கா மிகுதி. மணலை வெட்டுவதற்கு ஒப்பானது அது. பாலட் பலகையிலோ ஆணி. பார்வைக்குத் தப்பிய ஒரே ஓர் ஆணி முனை போதும். கத்தியில் பல் விழுந்து, அதன்பின் இழைக்கும் ஒவ்வொரு பலகையிலும் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு எழுந்து நிற்கும். சில எந்திரங்களில் ஒரு கத்தியை மட்டும் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி அக்கோட்டை மறைக்கலாம். பாலட் பற்றிப் பேசும்போது இன்னொன்று. அதன் முத்திரையில் 'எச்டி' என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. 'எம்பி' என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு நச்சுப்புகை இட்டது. இரண்டாவதை இழைத்துத் தூளாக்கி மூச்சில் இழுக்க வேண்டாம்.

சிறு கார்பைடு துண்டுகளை வரிசையாகப் பதித்த சுருள் தலையைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். ஓசை குறைவு, ஒரு முனை மழுங்கினால் துண்டைத் திருப்பிப் போடலாம். நல்லதுதான். ஆயினும், தனியே வாங்கும் தலையின் விலை சிறிய எந்திரத்தின் விலையோடு போட்டியிடும். முதல் எந்திரத்துக்கு அது வேண்டா.

பழைய எந்திரம் வாங்கச் செல்வோர் இரண்டடிப் பலகை ஒன்றையும் வெர்னியர் அளவியையும் உடன் கொண்டு செல்க. பலகையை ஒரு தடவை இழைத்து, இரு ஓரங்களிலும் பல இடங்களில் தடிமனை அளந்து பாருங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபாடு மிகுந்தால் எந்திரம் கோணலாக நிற்கிறது என்று பொருள். பலகை நடுவில் நின்று நின்று போனால், உருளையின் இரப்பர் கெட்டியாகி வழுக்குகிறது. பலகையின் முதல், கடைசி இரண்டு மூன்று அங்குலங்களில் மட்டும் சற்று ஆழமாக வெட்டப்பட்டிருந்தால் அதற்காக விலகி ஓட வேண்டாம். புது எந்திரங்களிலும் அது உண்டு. பலகையின் வெளிமுனையைச் சற்றே தூக்கிப் பிடிப்பதும், தேவையைவிட நான்கு அங்குலம் நீளமாக வைத்து இழைத்தபின் அறுத்து விடுவதும் அதற்கு மருந்து.

அகலத்தைக் குறித்த ஆசையையும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டுவேலைக்கு நாம் வாங்கும் பலகைகள் பெரும்பாலும் நான்கு, ஆறு, எட்டு அங்குல அகலத்தவை. அகலமான மேசைத்தளத்தை இரண்டாகப் பிரித்து இழைத்து, பின்னர் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். கெம்பாஸ் போன்ற கடின மரத்தில் அரை மில்லிமீட்டர் போதும்.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள் இரண்டு உள. ஒன்று, தூள். ஒரு மணி நேர இழைப்பில் மூட்டை மூட்டையாகச் சீவல் சேரும். பார்வைக்குத் தெரியும் சீவலைவிட, தெரியாத நுண்தூளே தீங்கானது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியுள்ளது. வீட்டில் குழந்தைகள் இருப்பின், தூள் உறிஞ்சியையும் முகக்கவசத்தையும் எந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அதற்குப் பணம் போதவில்லையெனில் எந்திரம் இன்னும் சில திங்கள் காத்திருக்கட்டும்.

மற்றொன்று, ஓசை. இச்சிறிய எந்திரங்களின் மோட்டார் வீறிட்டு அலறும் வகையைச் சேர்ந்தது. காதடைப்பு நமக்கு உண்டு. ஒட்டிய சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு இல்லை. வார நாள் இரவிலோ, ஞாயிறு காலையிலோ அதனை முடுக்குவது முறையாகாது. இழைக்க வேண்டிய பலகைகளையெல்லாம் சேர்த்து வைத்து, சனிக்கிழமைப் பிற்பகலில் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

அப்படிப் பார்த்தால் எந்திரம் ஓடுவது திங்களுக்கு ஓரிரு நாள்தான். ஒத்த ஆர்வமுடைய மூவர் பணம் சேர்த்து ஒன்றை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தினால் என்ன? 28 கிலோ எடையை இருவர் தூக்கிக் காரின் பின்புறத்தில் வைத்துவிடலாம். தேய்ந்த கத்தியின் செலவை மூவரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆணியில் மோதிய கத்தியின் செலவு மட்டும் மோதியவரையே சேரும்.