அடைபட்ட கொட்டகையைத் திறக்க யாருக்கு அதிகாரம்?

காரைக்கால் மாவட்ட ஆட்சியரும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவருமான தங்களுக்கு, வரிச்சிக்குடியிலிருந்து வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகத் துறை அதிகாரிகளை அழைத்து ஆய்வுக் கூட்டம் நடத்துவது வழக்கம். வாய்க்கால் தூர்வாரியாயிற்றா, பள்ளிக்கூடங்கள் முகாமுக்குத் தயாரா, மணல் மூட்டையும் மோட்டாரும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள். இந்த முறை இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். மரம் விழுந்தோ கூரை சரிந்தோ கொட்டகை அடைபட்டு, உள்ளே மாடும் ஆடும் நாயும் உயிரோடு சிக்கிக்கொண்டால், அதைத் திறப்பது யார் பொறுப்பு?

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கடலோரக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு அப்படித் தெரியாது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் நாங்கள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிறோம், பிள்ளைகளை முகாமுக்கு அனுப்புகிறோம். மாட்டைக் கொட்டகையில் கட்டிப்போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். பத்திரமாக இருக்கட்டும் என்று போட்ட அந்தக் கட்டும் தாழ்ப்பாளுமே பல நேரம் அதன் உயிரைக் குடிக்கின்றன.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. எங்கள் பக்கமும் மரங்கள் சாய்ந்தன. விடிந்ததும் எங்கள் தெருக்கோடியில் ஒரு கொல்லைக் கொட்டகையிலிருந்து மாடு கத்துவது கேட்டது. வாசலில் பூவரச மரம் குறுக்கே விழுந்து, தகரக் கதவை உள்பக்கமாக நெளித்திருந்தது. மரத்தின் கிளைக்கடியில் அறுந்த மின்கம்பி. வீட்டுக்காரர்கள் முந்தைய நாளே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், செல்போன் டவர் வேலை செய்யவில்லை. எப்படியோ லைன் கிடைத்த ஒருவர் ஓர் அலுவலகத்தைக் கேட்டார். இன்னொரு அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே மனிதர்களை மீட்டு முடித்த பிறகுதான் வர முடியும் என்றார்கள். அதைத் தவறென்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் கூடி நின்றவர்களில் கடப்பாரை வைத்திருந்தவர்களே தயங்கினார்கள். "நாளைக்கு அவுங்க வந்து பூட்டை உடைச்சிட்டாங்கன்னு கேஸ் கொடுத்தா யாருங்க வர்றது?" என்று ஒருவர் கேட்டார். அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வேலித் தகராறு இருந்தது. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

கடைசியில் ஒரு கொத்தனார் முன்வந்தார். முதலில் மின்துறை ஊழியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, லைனில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். வாசல் பக்கம் போகவே இல்லை. மரத்தின் பாரம் முழுவதும் அங்கே இருந்தது. கதவை இழுத்தால் கூரை மொத்தமும் உள்ளே உட்கார்ந்துவிடும் என்றார். பின்பக்கம் போய், தகர ஷீட்டைப் பிடித்திருந்த ஜே போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு ஷீட்டை மட்டும் எடுத்தார். கிழிந்த தகரத்தின் விளிம்பில் சாக்கை மடித்துப் போட்டார். உள்ளே இறங்கியதும் மாட்டை இழுக்கவில்லை. முதலில் கழுத்துக் கயிற்றை அறுத்தார். மூலையில் ஒதுங்கியிருந்த நாய் அவரைப் பார்த்து உறுமியது. பயத்தில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். ஈரச் சாக்கை அதன்மேல் போர்த்தித் தூக்கி வெளியே கொடுத்தார். மாடு பிழைத்தது, நாய் பிழைத்தது. கன்று கயிறு முறுக்கி இறந்துகிடந்தது. தயங்கி நின்ற நேரம் அந்தக் கன்றின் நேரம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தக் கொத்தனாருக்குத் தெரிந்தது ஊருக்கு நான்கு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அவர் செய்தது குற்றமில்லை என்று அரசு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 81-ஆம் பிரிவாக இருந்த, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. பெரிய தீங்கைத் தடுப்பதற்காகக் குற்ற எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது. தீ பரவாமல் இருக்க வீட்டை இடிப்பதையே சட்டம் உதாரணமாகக் காட்டுகிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 34-ஆம் பிரிவு, இடிபாடுகளை அகற்றவும் தேடவும் மீட்கவும் மாவட்ட ஆணையத்துக்கு, அதாவது தங்களுக்கு, அதிகாரம் தருகிறது. ஆனால் மழையில் நனைந்துகொண்டு கடப்பாரையோடு நிற்பவர் சட்டப் பிரிவைப் புரட்டிப் பார்க்க முடியுமா? தங்கள் கையெழுத்தோடு ஒரு பக்க உத்தரவு வரிச்சிக்குடியிலும் பூவத்திலும் திருவேட்டக்குடியிலும் ஒட்டப்பட்டிருந்தால் அவருக்கு அது போதும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில், செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்துகொண்டு, உயிர் சிக்கியிருக்கும் கொட்டகையைத் திறக்கலாம் என்று அது சொன்னால் போதும்.

கொட்டகைக்கு மட்டுமல்ல, பூட்டிய வீட்டுக்கும் ஒரு வழி வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். பிரான்சிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள், இங்கே பூட்டிய கேட்டுக்குள் காவலுக்கு ஒரு நாய், சோறு வைக்க ஒரு ஆள். வெள்ளம் வந்து அந்த ஆளும் வர முடியாமல் போனால் நாய்க்கு வழியே இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற குறிப்பை அந்தந்த வீட்டார் கொம்யூன் பஞ்சாயத்தில் கொடுத்து வைக்கச் சொல்லலாம்.

இறந்த மாட்டுக்கு அரசிடம் கணக்கு இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் திருத்திய பேரிடர் நிவாரண விதிமுறைப்படி கறவை மாடு ஒன்றுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. நாய்க்கும் பூனைக்கும் ஒன்றுமில்லை. இந்தத் தொகையை நான் குறை சொல்லவில்லை. ஒரு மாட்டை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் செத்ததற்குப் பணம் தர ஏற்பாடு இருக்கும்போது, சாவதற்கு முன் கதவைத் திறக்கவும் ஓர் ஏற்பாடு வேண்டாமா? அதே விதிமுறையில் கால்நடைகளுக்கு முகாம் வைத்துத் தீவனம் போடவும் இடமிருக்கிறது.

மிருகங்களை மீட்பது மனிதர்களை மீட்பதற்குப் போட்டியான வேலை அல்ல. அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது, வளர்ப்புப் பிராணிகளை விட்டுவர மனமில்லாமல் பலர் வெள்ளத்துக்குள்ளேயே தங்கினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மாகாணங்களும் உள்ளூர் நிர்வாகங்களும் தங்கள் பேரிடர்த் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே 2006-இல் சட்டம் வந்தது. 2018 கேரள வெள்ளத்தில் திருச்சூரில் ஒரு பெண்மணி தன்னுடைய 25 நாய்களை விட்டுவிட்டுப் படகில் ஏற மறுத்ததை நாடே பார்த்தது. அவரையும் நாய்களையும் சேர்த்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. நம் ஊர்களிலும் முகாமிலிருந்து நள்ளிரவில் எழுந்து மாட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில், அறுந்த கம்பிகளுக்கு நடுவில் அவர்கள் தனியாகப் போகிறார்கள். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் முகாமிலேயே இருப்பார்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. எங்கள் கோட்டுச்சேரி கொம்யூனில் ஊருக்கு ஒரு பெட்டி: மரம் அறுக்கும் மெஷின், பூட்டு வெட்டும் கட்டர், ஸ்பேனர் செட், தடித்த கையுறை, நீளக் கயிறு, டார்ச், பத்து சாக்கு. தீயணைப்பு நிலையத்தாரும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து ஊருக்கு நான்கு பேருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். பாரம் சாயாத பக்கமாக நுழைவது, கொம்பையோ கழுத்துக் கயிற்றையோ பிடித்து இழுக்காமல் இருப்பது, வெகுநேரம் படுத்துக் கிடந்த மாட்டைப் பக்கம் மாற்றி நெஞ்சு பதிய உட்கார வைப்பது, வெள்ளத் தண்ணீரில் இறங்கியவர்கள் எலிக் காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பது, நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி ஊசிக்குப் போவது. கைவேலை தெரிந்தவர்களுக்கு இது ஒரு நாளில் பிடிபடும்.

இதையெல்லாம்விட எளிய ஒன்று, ஒலிபெருக்கி ஆட்டோ. புயலுக்கு முன் அது தெருத்தெருவாக வரும்போது, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம், தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் முகாமுக்கு வாருங்கள் என்று அறிவிக்கிறது. அதோடு இதையும் சேர்த்துச் சொல்லட்டும்: "மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். கயிற்றை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள், அல்லது முகாமுக்குப் பக்கத்து மைதானத்தில் கொண்டுவந்து கட்டுங்கள். நாயைச் சங்கிலியில் விட்டுவிட்டு வராதீர்கள்." கொட்டகை அடைபட்டாலும் உள்ளே எதுவும் சிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அப்படி ஓட்டி வருகிற மாட்டுக்கு முகாமுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டு நிலமும் வைக்கோலும் வேண்டும். அதைத் தேர்ந்து வைக்க வேண்டியது வருவாய்த்துறை.

புதுச்சேரிக்கு எழுதி உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமல்ல இது. புதுச்சேரி எங்களிடமிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நடுவில் இருப்பது தமிழ்நாடு. புயல் நேரத்தில் சாலை துண்டிக்கப்பட்டால் நம் மாவட்டம் தன் கையை நம்பித்தான் நிற்க வேண்டும்.

அக்டோபரில் மழை தொடங்கிவிடும். அதற்குள் மின்துறை, தீயணைப்பு, கால்நடை பராமரிப்பு, வருவாய்த்துறை நான்கையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, இந்த ஒரு பக்க உத்தரவை எழுதித் தாருங்கள். கூட்டத்துக்கு நாள் குறித்தால், எங்கள் ஊர்க் கொத்தனாரையும் மரம் அறுப்பவர்களையும் மாடு வளர்க்கும் பெண்களையும் அழைத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறோம்.