காத்திருப்பது யார்?

கணிப்பொறி பயிலும் நம் தோழர் ஒருவரிடம், திரையில் ஒரு வட்டத்தை இடமிருந்து வலமாக நடத்திக் காட்டும்படி கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் நிரல் எழுதிவிடுவார். ஐந்து புள்ளி நகர், 100 மில்லிசெகண்டு நில், மறுபடி ஐந்து புள்ளி நகர். இவ்வாறு 40 முறை. தாளில் படித்தால் குற்றம் காண இடமில்லை. ஆனால் அதனை ஸ்குவீக் என்னும் ஸ்மால்டாக் அமைப்பில் ஓட்டிப் பாருங்கள். நான்கு விநாடி திரை கற்சிலையாய் நிற்கும். சுட்டியால் எதைத் தட்டினாலும் பதில் இராது. பிறகு வட்டம் 200 புள்ளி தள்ளி, ஒரே தாவாகத் தாவி உட்கார்ந்திருக்கும். இடையில் நடந்த நடை எங்கே போயிற்று?

இச்சிறு பயிற்சியை நம் பல்கலைக்கழகங்கள் முதலாண்டிலேயே வைத்தல் வேண்டும் என்பது என் கருத்து. "ஸ்மால்டாக்கா? அதைக் கற்றால் வேலை கிடைக்குமா?" என்று நண்பர்கள் நகைப்பது என் காதில் விழாமல் இல்லை. அம்மொழி 1970-களில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பெர்க் முதலியோர் அதனை வளர்த்தனர். சிறுவரும் கணிப்பொறியை ஆளவேண்டும் என்பது அவர்கள் கொண்ட அவா. 1996-இல் வெளிவந்த ஸ்குவீக், அவ்வழியில் வந்த பிள்ளை. இதைத் தேடி வரும் நிறுவனங்கள் மிகச் சில என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசியில் 'செயலி பதிலளிக்கவில்லை' என்று ஓர் அறிவிப்பு வருகிறதே, அதுவும் இதே நோய்தான். திரையைக் கவனிக்க வேண்டியவனை வேறெங்கோ நிற்க வைத்துவிட்டால், ஐந்து விநாடியில் அந்த அறிவிப்பு எழும். வேலை தேடுவோருக்கும் இது வேண்டிய பாடமே அன்றோ?

நோயின் மூலத்தைச் சொல்கிறேன். ஸ்மால்டாக்கில் 'டிலே' என்றொரு வகுப்பு உண்டு. இத்தனை மில்லிசெகண்டு என்று அதற்குச் சொல்லி 'வெயிட்' என்று ஏவினால், ஏவிய செயலோட்டம் மட்டும் உறங்கும். இயந்திரம் முழுவதும் உறங்குவதில்லை. பிற ஓட்டங்கள் தம் வேலையைப் பார்க்கும். அப்படியானால் திரை ஏன் உறைந்தது? நாம் நிரலை எழுதி ஓட்டும் சன்னல், திரையை வரையும் அதே ஓட்டத்தில் இயங்குகிறது. வரைபவனையே பிடித்து நிறுத்திவிட்டு, படம் ஏன் வரவில்லை என்று கேட்கிறோம்!

விடுதிப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் ஒருவரே. ஓர் இலைக்காரர், "கொஞ்சம் பொறுங்கள், ரசம் பிறகு" என்கிறார். பரிமாறுபவர் வாளியோடு அங்கேயே நின்றுவிட்டால் மற்ற இலைகள் என்ன ஆவது? "பத்து நிமிடம் கழித்து இந்தப் பக்கம் வாருங்கள்" என்றல்லவா சொல்லவேண்டும்?

அப்படிச் சொல்லும் முறை ஸ்குவீக்கிலேயே இருக்கிறது. ஒவ்வோர் உருவமும் 'ஸ்டெப்' என்னும் செய்முறையைக் கொள்ளலாம். எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அழைக்க வேண்டும் என்பதை 'ஸ்டெப்டைம்' சொல்லும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 1000, அதாவது விநாடிக்கு ஒரு முறை. 40 என்று மாற்றினால் விநாடிக்கு 25 முறை. திரைப்படத்தின் 24 படங்களுக்கு அது குறைந்ததன்று. நிறுத்தமும் வேண்டுமா? சில அழைப்புகளில் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட்டால் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 'நட, நில், திரும்பு, நட' என்று கதைபோல் எழுதிய நிரலைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். எந்தத் துண்டில் நிற்கிறோம் என்பதை உருவமே நினைவில் வைத்திருக்க வேண்டும். புதிதாய்ப் படிப்பவருக்கு இது தலைவலிதான். கதை குலையாமல் இருக்க வேண்டுமென்றால் 'ஃபோர்க்' என்று சொல்லித் தனி ஓட்டம் ஒன்றைக் கிளப்பி, அதிலே 'வெயிட்' சொல்லலாம். எண்களை வரிசைப்படுத்துவதை நெடுநேரம் படிப்படியாகக் காட்டும் நிரலுக்கு அதுவே எளிது என்பேன். ஆனால் அங்கே, ஒருவன் வரைந்துகொண்டிருக்கையில் மற்றவன் படத்தை இழுக்கும் வம்பு உண்டு. ஆகவே மாற்றத்தைத் தானே செய்யாமல், வரையும் ஓட்டத்திடம் ஒப்படைக்கப் பழக வேண்டும்.

நான் வெறுப்பது மூன்றாவது வழியை. சுழற்சிக்குள் 'திரையை இப்போதே வரை' என்று ஒரு வரி சேர்த்துவிடுவது! வட்டம் அழகாக நடக்கும், மாணவர் மகிழ்வார். ஆயினும் சுட்டி அப்போதும் செத்தே கிடக்கும். நோய் போகாமல் அதன் அடையாளம் மட்டும் போயிற்று. விலைக்கு வாங்கிய மருந்துச்சீட்டைப் போல இவ்வரி ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குக் கைமாறி வருகிறது.

இன்னொன்று. 40 மில்லிசெகண்டு என்பது குறைந்த அளவே. உலகம் வேறு வேலையில் இருந்தால் அழைப்பு தாமதமாகும். அழைப்புக்கு இத்தனை புள்ளி என்று நகர்த்தினால் மெதுவான இயந்திரத்தில் வட்டம் நொண்டும். எவ்வளவு நேரம் கழிந்தது என்று கடிகாரத்தைக் கேட்டு, அதற்குரிய இடத்தில் வட்டத்தை வைப்பதே முறை.

இவையெல்லாம் நம் தேர்வில் தெரிவதில்லை. ரெக்கார்டு நோட்டில் எழுதிய நிரல் தாளில் பிழையற்றது. ஓடி முடிந்தபின் வட்டம் நிற்கும் இடமும் சரியானதே. முழு மதிப்பெண்! நடுவில் இறந்துபோன நான்கு விநாடிக்கு மதிப்பெண் குறைக்க யாருக்கும் வழியில்லை. அதற்கு நான் கேட்பது மிகச் சிறிது. ஒவ்வொரு மாணவருக்கும் திரையின் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, தேர்வாளர் இன்னொரு பொத்தானைத் தட்டிப் பார்க்கட்டும்.