வீட்டுக்கு வாடான்னு ஒரு வெளிச்சம்!



அத்திப்பட்டுன்னு சொன்னாலே, “அட, ‘சிட்டிசன்’ படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?”ன்னு கேப்பாங்க. இல்லீங்க பாஸ், அது அத்திப்பட்டி. நம்ம ஊர் மேப்ல பத்திரமா இருக்கு!

கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல வர்றவங்களுக்கு எங்க ஊர் அடையாளம், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதான். ராத்திரியில அதன் உச்சியில சிவப்பு விளக்கு எரியும். “பாக்க லைட் ஹவுஸ் மாதிரி இல்ல?”ன்னு பழவேற்காட்டு நண்பன்கிட்ட கேட்டேன். சிரிச்சுட்டான்.

“மாப்ள, இது பிளேனுக்கு, ‘கிட்ட வராதே’ன்னு சொல்ற லைட்டு. எங்க ஊர் லைட்டு, ‘வீட்டுக்கு வாடா’ன்னு கூப்பிடுற லைட்டு!”

பழவேற்காட்டுல 1859-லயே கலங்கரை விளக்கம் வந்தாச்சு. பக்கத்துக் குப்பத்துக்குப் பேரே லைட் ஹவுஸ் குப்பம்தான். கடலுக்குள்ள மணல்திட்டு அதிகம். இருட்டுல தெரியாம வந்தா கப்பல் தரைதட்டிடும். அதனாலதான் இந்த விளக்கு.

சென்னையோட கதை இன்னும் சுவாரஸ்யம். 1796-ல கோட்டைக்குள்ள ஒரு கட்டட மாடியில, தேங்காய் எண்ணெய் ஊத்தித்தான் முதல் விளக்கை ஏத்தினாங்க. 1844-ல இன்றைய ஹைகோர்ட் வளாகத்துல கருங்கல் தூண் எழும்புச்சு. 1894-ல விளக்கு ஹைகோர்ட் கோபுர உச்சிக்கே ஏறிடுச்சு. ‘எம்டன்’ கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல குண்டு போட்டப்பவும் அங்கதான் இருந்துச்சு. இப்ப மெரினாவுல நிக்கிறது நாலாவது. 1977-ல வந்தது. பல வருஷம் மூடிக் கிடந்ததை 2013-ல மறுபடி மக்களுக்குத் திறந்துவிட்டாங்க.

ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் சிமிட்டுறதுல தனி ஸ்டைல் உண்டு. எத்தனை சிமிட்டல், எவ்வளவு இடைவெளின்னு எண்ணிப் பாத்தே இது எந்த ஊருன்னு கண்டுபிடிச்சுடலாம். நண்பனோட அப்பா ஒரு ராத்திரி இன்ஜின் நின்னு, ஜி.பி.எஸ்.ஸும் செத்துப்போய், நடுக்கடல்ல மாட்டிக்கிட்டார். தூரத்துல ஒரு சிமிட்டல். எண்ணிப் பாத்தார். நம்ம ஊர்தான்! துடுப்பு போட்டே கரை சேர்ந்தார்.

இதைச் சொன்ன நண்பன் ஒரு மாசமா வீட்டுக்கே போகலை. மூணு அரியர். அப்பா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தயக்கம். ஆனா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாகிட்டருந்து ஒரு மிஸ்டு கால் மட்டும் தவறாம வரும். ஒரே ஒரு ரிங், அவ்வளவுதான். ஏன் வரலை, எத்தனை மார்க்குன்னு ஒரு கேள்வி கிடையாது.

“டேய், இதுவும் லைட்டுதான்டா”ன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் பையைத் தூக்கிட்டு, பொன்னேரிக்கு டிக்கெட் எடுக்கக் கிளம்பிட்டான்.

உங்களுக்கும் அப்படி ஒரு மிஸ்டு கால் வருதா ஃப்ரெண்ட்ஸ்? திருப்பிக் கூப்பிடுங்க!