மூன்று நிமிட முன்னிசையும் ஒரு செல்லாத சாட்சியும்

ரசிகன் விமர்சகனாக முடியாது என்று சக இதழ் ஒன்று தீர்ப்பு எழுதியிருக்கிறது. இதழின் பெயரையும் எழுதியவர் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்கு இழப்பொன்றும் இல்லை. தி க்யூர் இசைக்குழு 16 ஆண்டு மௌனத்துக்குப் பிறகு 2024 நவம்பர் 1 அன்று வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஆல்பத்தைச் சாக்காக வைத்து எழுதப்பட்ட கட்டுரை. வாதம் இரண்டு. குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் இருபதுகளில் பாடிய துயரத்தையே 65 வயதிலும் பாடுகிறார், இது கூறியது கூறல் என்பது ஒன்று. இதைக் கொண்டாடுகிறவர்கள் எல்லாம் பழைய ரசிகர்கள், அவர்கள் காதில் விழுவது தங்கள் கல்லூரி நாட்களின் எதிரொலிதான், ஆகவே அவர்கள் சாட்சி செல்லாது என்பது மற்றொன்று. போகிறபோக்கில் ஒரு நக்கல் வேறு: முதல் பாட்டில் குரல் வருவதற்குள் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாமாம்.

வாதங்களைச் சிரித்துக் கடந்திருப்போம். காபிதான் கடக்க விடவில்லை.

‘அலோன்’ என்ற அந்த முதல் பாட்டு ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று நிமிடம் தாண்டித்தான் ஸ்மித் வாயைத் திறக்கிறார். அடுப்படிக்குப் போகாமல் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும். டிரம்ஸ் அவசரமே இல்லாமல், ஒவ்வோர் அடிக்கும் இடம்விட்டு விழுகிறது. சின்தசைசரில் ஒரே கார்டு வரிசை சுற்றிச்சுற்றி வருகிறது. அதன் அடியில் சைமன் கேலப்பின் பாஸ், மேலே இறங்குமுகமாகவே நகரும் கிதார். ‘வளர்ச்சி’ என்று எதுவும் கிடையாது. கடைசியில் குரல் வரும்போது அது புதிதாக எதையும் தொடங்கி வைப்பதில்லை; நடந்து முடிந்ததற்குக் கையொப்பம் இடுகிறது. ஆல்பத்தின் முதல் வரியே முடிவைப் பற்றியது. முடிந்துவிட்டது என்று பாடப்போகிறவன் எதற்காக அவசரப்பட வேண்டும்?

இது கிழப்பருவத் தளர்ச்சி என்று எண்ணுகிறவர்கள் 1987-க்குப் போகட்டும். ‘கிஸ் மீ கிஸ் மீ கிஸ் மீ’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘தி கிஸ்’. அதில் குரல் வர ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். அப்போது ஸ்மித்துக்கு 28 வயது. 1989-இல் ‘டிஸின்டக்ரேஷன்’ தொடங்கும் ‘ப்ளெயின்சாங்’கில் பாதிப் பாட்டு போனபிறகுதான் சொல் வருகிறது. புதிய ஆல்பத்தை முடித்துவைக்கும் ‘எண்ட்சாங்’ பத்து நிமிடத்துக்கு மேல். ஆறு நிமிடம் கழித்தே குரல். இவ்வளவும் ஒன்றுபோல இருக்கிறதே, கூறியது கூறல்தானே என்று கேட்கலாம். இங்கேதான் செல்லாத சாட்சி வேண்டியிருக்கிறது. ‘ப்ளெயின்சாங்’ தாழ்ந்து தொடங்கித் திடீரென்று பொங்கி எழும். ‘அலோன்’ எழுவதே இல்லை. முதல் நொடியில் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் கடைசிவரை நிற்கிறது. 30 வயதின் துயரத்துக்கு ஓர் அலை தேவைப்பட்டது, 65 வயதின் துயரத்துக்கு அது தேவைப்படவில்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்குள்தான் புதிய ஆல்பம் முழுதும் இருக்கிறது. ‘ப்ளெயின்சாங்’கை நாடா தேயக் கேட்காத ஒருவருக்கு இது காதில் படாது. அவருக்கு இரண்டும் நீளமான முன்னிசை, அவ்வளவுதான்.

நாடா என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘டிஸின்டக்ரேஷன்’ எங்கள் விடுதிக்கு எல்பி தட்டாக வந்தது, நண்பன் ஒருவனின் அத்தை மகன் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. அதை எடுத்துக்கொண்டு ரெக்கார்டிங் சென்டருக்குப் போனோம். நாள் முழுக்கச் சினிமாப் பாட்டும் ஐயப்பன் பாட்டும் பதிகிற கடை. ஊசி வைத்ததும் ‘ப்ளெயின்சாங்’கின் தொடக்கத்தில் வரும் மணிகளின் மெல்லிய கிணுகிணுப்பு. கடைக்காரர் தட்டைத் துடைத்தார், ஊசியைத் துடைத்தார். “சவுண்டே இல்லியே தம்பி” என்று பதிவு அளவை உச்சத்துக்கு ஏற்றினார். அடுத்த கணம் மொத்தக் குழுவும் உள்ளே நுழைந்தது. முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த டிடிகே 90-இல் பாட்டின் முதல் பேரலை ஒரு கிழிசலாகத்தான் பதிவாகியிருந்தது. இப்போது எவ்வளவு சுத்தமான பதிவில் கேட்டாலும் அந்த இடத்தில் கிழிசல் இல்லையே என்று காது தேடுகிறது. பாவம் அவர், பொறுக்கத் தெரியாத முதல் விமர்சகர்.

எல்பி தட்டில் பத்துப் பாட்டு. ‘லாஸ்ட் டான்ஸ்’, ‘ஹோம்ஸிக்’ இரண்டும் அதில் இல்லை, குறுந்தகட்டில் உண்டு. பின்னாளில் குறுந்தகடு கைக்கு வந்தபோது ‘லவ்சாங்’குக்கும் ‘லல்லபை’க்கும் நடுவே அறிமுகமே இல்லாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவை இடைச்செருகல் என்பதே இன்றுவரை நம் கட்சி. குழுவே சேர்த்தது, மூலப் பாடமே பன்னிரண்டுதான் என்று யார் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஏற்பதாக இல்லை. பதிப்பாசிரியர்கள் பாட பேதத்துக்காக அடித்துக்கொள்வதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி நமக்குக் கிடைத்ததில்லை.

இந்தக் குழுவிடம் நாம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இசை அல்ல, காம்யு. ‘அந்நியன்’ தமிழில் வந்து, கையில் கிடைத்த எல்லாரும் இரண்டு மாதம் அம்மா செத்துப்போன பாவனையில் அலைந்த காலம். இங்கிலாந்தின் கிராலி என்ற சிறுநகரத்துப் பையன்கள் அதே நாவலில் கடற்கரையில் அரபியைச் சுடும் காட்சியை வைத்து 1978-லேயே தங்கள் முதல் சிங்கிளைப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது பொறாமையாக இருந்தது. அந்தப் பாட்டின் தலைப்பை இனவெறியர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டதும், 1986-இல் அமெரிக்காவில் வந்த தொகுப்பின் அட்டையில் அதை மறுத்து ஸ்டிக்கர் ஒட்ட நேர்ந்ததும், பின்னாளில் மேடையில் ஸ்மித் சொற்களையே மாற்றிப் பாடியதும் தனிக் கதை. பிரதி ஆசிரியனின் கையை விட்டுப் போய்விடும் என்று பாரீஸிலிருந்து இறக்குமதி செய்து எண்பதுகளில் நாம் கட்டுரை கட்டுரையாக எழுதினோம். ஸ்மித்துக்கு அது ஸ்டிக்கராக வந்து ஒட்டியது. காம்யு மட்டுமல்ல: ‘அட் நைட்’டுக்குக் காஃப்கா, ‘தி ட்ரவுனிங் மேன்’னுக்கு மெர்வின் பீக், ‘ஹவ் ப்யூட்டிஃபுல் யூ ஆர்’க்குப் போதலேரின் வசன கவிதை, ‘ஷார்லட் சம்டைம்ஸ்’க்குச் சிறுவர் நாவல் ஒன்று. வாசிப்பை இவ்வளவு வெளிப்படையாக மேடையில் ஏற்றியவர்கள் ராக்கில் குறைவு. புதிய ‘அலோன்’கூட எர்னஸ்ட் டௌசனின் ‘ட்ரெக்ஸ்’ கவிதையிலிருந்து முளைத்தது. டௌசன் 1900-இல் இறந்தபோது அவருக்கு வயது 32. முப்பத்திரண்டில் செத்தவனிடமிருந்து முதுமையின் சோர்வைக் கடன் வாங்குகிறார் ஒருவர். எந்தத் துயரம் எந்த வயதுக்கு உரியது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கும் கட்டுரையாளர் இதை எந்தக் கட்டத்தில் போடுவார்?

மற்றொன்று விரித்தலும் நன்னூலின் பத்துக் குற்றத்தில் ஒன்றுதான். திரும்புவோம்.

பழைய ரசிகன் இளகிய நெஞ்சக்காரன் என்று யார் சொன்னது? 2004-இல் கனத்த உலோக இசைத் தயாரிப்பாளர் ராஸ் ராபின்சனை வைத்துப் பண்ணிய ஆல்பத்துக்காக ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்று வைதுகொண்டார்கள். 2008-இல் ‘4:13 ட்ரீம்’ வந்தபோது உதட்டைப் பிதுக்கியவர்களும் அவர்கள்தான். கல்லூரி நாட்களின் எதிரொலி அப்போது மட்டும் எங்கே போயிற்று? இப்போதைய ஆல்பத்திலும் நமக்குக் குறை உண்டு. கலவை மிகவும் நெருக்கடி: சிம்பலும் கிதாரும் சின்தசைசரும் ஒரே மட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, மூச்சுவிட இடமில்லை. இடத்தையே இலக்கணமாகக் கொண்ட ‘ஃபெய்த்’தை 1981-இல் தந்த குழு இப்படிச் சுவரெழுப்பலாமா? ‘ட்ரோன்:நோட்ரோன்’ இல்லாவிட்டால் எட்டு ஏழாகியிருக்கும், யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டே 24 ரீமிக்ஸ்களை ஒரு மூட்டையாகக் கட்டி வெளியிட்டது யாருக்காக என்றும் விளங்கவில்லை.

ஆனால் ‘ஐ கேன் நெவர் சே குட்பை’. ஸ்மித்தின் அண்ணன் ரிச்சர்டின் சாவைப் பற்றிய பாட்டு. பியானோவில் எளிய ஒரு சொற்றொடர், கற்றுக்குட்டி வாசிக்கும் அளவுக்கு எளியது, விடாமல் திரும்பி வருகிறது. ‘போர்னோகிராஃபி’ காலத்து ஸ்மித் சாவைப் பற்றிப் பாடியபோது ஊரே செத்துக் கிடந்தது, பிணம் யாருடையது என்று கேட்க முடியாது. இங்கே ஒரே ஒருவர்தான் இறந்திருக்கிறார்; அவருக்குப் பெயர் உண்டு. அதே குரல் என்பதால்தான் இது தெரிகிறது. குரலும் மாறியிருந்தால் மாற்றத்தின் பழியைக் குரல்மேல் போட்டிருப்போம். 

ஆக, கூறியது கூறல் குற்றம் என்ற நன்னூல் விதி நூலுக்கு, ஒப்பாரிக்கு அல்ல.

ரசிகமணி டி.கே.சி.யைக் கேலி செய்து வளர்ந்த தலைமுறைதான் நாமும். ரசனை விமர்சனம் என்ற சொல்லை வசையாகவே பயன்படுத்தினோம். கைலாசபதியை ஒரு கையிலும் க.நா.சு.வை மறு கையிலும் வைத்துக்கொண்டு தராசு பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறோம். அந்தச் சண்டையில் குறைந்தபட்சம் இரு தரப்பும் படித்துவிட்டுச் சண்டை போட்டன. இன்றைய ஏற்பாடு வேறு: அதிகம் பழகியவன் பாரபட்சமானவன், பழகாதவன் நடுநிலையாளன். இதே கட்டுரையாளர் பீத்தோவனின் கடைசி நால்வர் இசை என்றால் அடோர்னோவையும் சயீதையும் எடுத்துக்கொண்டு ஓடி வருவார். பிற்காலப் பாணி, சமரசமின்மை, முறிவு என்று பத்துப் பக்கம். தலைமுடியைக் காக்கைக் கூடாக்கி லிப்ஸ்டிக்கை உதட்டுக்கு வெளியே இழுவிக்கொண்ட ஒருவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆசிரியன் இறந்தான் என்று அறிவித்தவர்களுக்கு இப்போது ரசிகனையும் அடக்கம் செய்தாக வேண்டும். பிறகு மிச்சமிருப்பது யார்? மதிப்புரைக்காக இலவசப் பிரதி பெற்றவர் மட்டும்.

இன்னொன்றையும் கட்டுரை குறையாகச் சொல்கிறது: 16 ஆண்டு சும்மா இருந்தார்கள் என்று. சும்மா இல்லை. ‘அலோன்’ 2022 அக்டோபரில் ரீகா நகர மேடையில் ஒலித்தது. ஆல்பம் வருவதற்கு இரண்டாண்டு முன்பு! ஊர் ஊராகப் பாடி, கேட்டவர்கள் முகத்தைப் பார்த்து, அதன்பிறகே தட்டாக்கினார்கள். நம்மிடம் நடப்பது என்ன? ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு டிசம்பர் கடைசியில் கோப்பு அச்சகம் போகிறது. மெய்ப்புப் பார்க்காத நாவல் சுடச்சுட மேடை ஏறுகிறது. பொன்னாடை காய்வதற்குள் அடுத்த நாவலின் அட்டை வெளியாகிவிடுகிறது. ஓர் ஆண்டு புத்தகம் வராவிட்டால் ‘இப்போது எழுதுவதில்லையா?’ என்று துக்கம் விசாரிக்கிறார்கள். மௌனி வாழ்நாள் முழுவதும் எழுதியது ஒரே தொகுப்பில் அடங்கும். இன்றிருந்தால் சில பதிப்பகங்கள் அவரிடம் ஆண்டுக்கு ஒன்றாவது கொடுங்கள் சார் என்று கேட்டிருக்கும்.

விலைக்கும் வருவோம். 2023-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் விலையை ஸ்மித் தாமே தாழ்த்தி வைத்தார். சில அரங்குகளில் 20 டாலர். கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றும் முறைக்கு ஒப்பவில்லை. அப்படியும் டிக்கெட் விற்ற நிறுவனம் கட்டணத்துக்கு மேல் கட்டணமாகச் சேர்த்து, சிலருக்கு அது டிக்கெட் விலையையே தாண்டிப் போனது. அவர் பொதுவெளியில் சண்டை பிடித்து, டிக்கெட்டுக்கு 5 முதல் 10 டாலர் வரை ரசிகர்களுக்குத் திருப்பித் தரவைத்தார். அற்பத் தொகைதான். ஆனால் தன் வாசகன் என்ன விலை கொடுக்கிறான், அதில் யார் யார் கை வைக்கிறார்கள் என்று கேட்ட எழுத்தாளர் நம்மில் எத்தனை பேர்? 600 ரூபாய்ப் புத்தகத்தை 1,200-க்குச் ‘சிறப்புப் பதிப்பு’ ஆக்கிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்களே கண்ணில் படுகிறார்கள். அட்டை மட்டும் கெட்டி; உள்ளே அதே பிழைகள். அதையும் முன்பதிவு செய்து வாங்குகிற வாசகனைத்தான் இவர்கள் ரசிகன், விவரமில்லாதவன் என்கிறார்கள்.

கட்டுரையாளரின் எதிர்வினைக்கு அடுத்த இதழில் இடம் உண்டு. பக்க வரம்பு கிடையாது. ஆல்பத்தின் 49 நிமிடத்தையும் எழுந்திருக்காமல் கேட்டுவிட்டு எழுத வேண்டும், அவ்வளவே. காபியை முன்னதாகவே போட்டு வைத்துக்கொள்ளலாம்.